தோலை மெசினில் செய்யலாமா? கொலாஜன் சட்டகம் அச்சிடுவது பற்றி

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்காவின் மகனுக்கு நாலு வயதில் சுடுகஞ்சி கொட்டுப்பட்டுவிட்டது. சோறு வடித்து அடுப்படியில் வைத்த கஞ்சி. இடது கையும் நெஞ்சின் ஒரு பக்கமும் வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை மெல்லிசாகச் சீவி எடுத்துக் கையில் ஒட்டினார்கள். கை நல்லபடியாக ஆறிவிட்டது. தொடையில் மட்டும் சதுரமாக ஒரு வெளிறிய தழும்பு இன்னும் இருக்கிறது. அதைக் காட்டித்தான் அக்கா ஒருநாள் கேட்டார்: "தம்பி, ஒரு புண்ணை மாத்த இன்னொரு புண் வேணுமாக் கிடக்கு. கொப்பி அடிக்கிற மாதிரித் தோலையும் ஒரு மெசினில அடிச்சு எடுக்கேலாதோ?"

அப்படி அடித்தெடுக்க முயலும் மெசின்கள் இன்று உலகத்தில் பல ஆய்வுகூடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஊற்றும் மைகளில் முக்கியமானது கொலாஜன். அன்று ஒழுங்கையில் நின்றபடி அக்காவுக்கு ஐந்து நிமிடத்தில் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பற்றி ஒன்று. எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களில் படித்தபடி கலம், இழையம் என்றே எழுதப் போகிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் அவற்றைச் செல், திசு என்று வாசித்துக்கொள்ளலாம். கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தைப் போன்றதுதான் நான் சொல்லப்போகும் பொருள். ஆனால் இங்கே யாழ்ப்பாணத்தில் சாரம் என்றால் இடுப்பில் கட்டுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆகவே சட்டகம் என்று சொல்கிறேன்.

கொலாஜன் ஒரு புரதம். நம் உடம்பில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். தோலுக்கு இழுவையும், என்புக்கு முறியாத தன்மையும், தசைநாணுக்கு வலிமையும் அதனால் வருகின்றன. கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற விழிவெண்படலமும் பெரும்பாலும் கொலாஜனே. இருபத்தெட்டு வகைகள் தெரிந்திருக்கின்றன, ஆனால் உடம்பில் இருப்பதில் மிகப் பெரும்பகுதி முதலாம் வகை. அச்சிடுபவர்கள் பேசுவதும் அதைப் பற்றித்தான்.

அதன் வடிவம் முப்புரிக் கயிறு. தும்புக் கயிறு திரிப்பவர் மூன்று புரியை ஒன்றோடொன்று முறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு புரியும் ஏறக்குறைய 1000 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. மூன்றையும் முறுக்கி முடித்த பிறகு நீளம் 300 நனோமீற்றர், தடிப்பு 1.5 நனோமீற்றர் மட்டுமே. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருக்கிறது. முறுக்கின் உட்பக்கத்தில் அதைவிடப் பெரியது எதற்கும் இடம் இல்லை.

இந்த முப்புரியைக் கண்டுபிடித்துச் சொன்னது பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் அதை வெளியிட்டார்கள். சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணை ஊடுகதிரில் வைத்துப் படம் எடுத்து, அந்தப் படத்தில் இருந்து வடிவத்தைக் கணக்குப் போட்டார்கள். மேலைநாட்டுப் பெரிய ஆய்வுகூடங்கள் எல்லாம் இதே புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இதைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும், மறைக்கவில்லை.

சரி, இந்தக் கயிற்றை நீங்கள் எல்லோரும் வீட்டில் அவிழ்த்திருக்கிறீர்கள். ஆட்டுக்கால் சூப்பை மிச்சம் வைத்து பிரிஜ்ஜில் மூடி வைத்தால் விடிய எடுக்கும்போது கரண்டி குத்தி நிற்கிற மாதிரி உறைந்திருக்கும். முள்ளும் தோலும் தலையுமாகப் போட்ட மீன்குழம்பும் அப்படித்தான். காலிலும் தோலிலும் இருந்த கொலாஜன், கொதியில் முறுக்கு அவிழ்ந்து, மூன்று புரியும் தனித்தனியாகிக் குழம்பில் கலந்துவிட்டது. அவிழ்ந்த அந்தப் பொருளுக்குப் பெயர் ஜெலட்டின். ஆறினால் புரிகள் ஒழுங்கில்லாமல் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொண்டு உறையும், சூடாக்கினால் மறுபடி இளகும். எத்தனை தரம் உறைய வைத்தாலும் பழைய கயிறு திரும்பி வராது.

இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள். ஜெலட்டின் குளிரில் உறைந்து சூட்டில் இளகும். கொலாஜன் இதற்கு நேர் எதிர். விநாகிரியில் இருக்கும் அசற்றிக் அமிலத்தில், நன்றாகக் குளிர வைத்தால் அது கரைந்து கிடக்கும். அமிலத்தில் முப்புரிகள் எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். அமிலத்தை நடுநிலையாக்கி, உடம்புச் சூடான 37 பாகைக்குக் கொண்டுவந்தால் தள்ளுகை அடங்கி, முப்புரிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து வரிசையாக அடுக்கிக்கொள்ளும். அடுக்கும்போது ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ளதில் இருந்து சிறிது தள்ளி நிற்கும். அதனால் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் 67 நனோமீற்றருக்கு ஒரு தரம் வரிகள் தெரியும். அரை மணித்தியாலம் போல விட்டால் தண்ணீராக இருந்தது வெண்மையான மென்கூழாக நிற்கும். யாரும் பின்னிக் கொடுக்கவில்லை, தானே பின்னிக்கொள்கிறது. தோலிலும் தசைநாணிலும் நடப்பது இதே பின்னல்தான்.

இனிச் சட்டகம். யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை விளங்கப்படுத்தக் கிடுகுவேலி போதும். புதுக்காணிக்கு வேலி அடைக்கும்போது கிளுவை, பூவரசு என்று கதியால்களை வரிசையாக நடுவோம். நட்ட அன்று அவை வெறும் தடிகள். அவற்றோடு சேர்த்துக் கிடுகை வரிந்து கட்டுவோம். முதலில் வேலியாக நிற்பது கிடுகு. வெயிலும் மழையும் பட்டு அது உக்கிக்கொண்டு போக, கதியால் வேர்விட்டுத் தளிர்த்துக்கொண்டு வரும். உக்கிய கிடுகு தோட்டத்துக்குப் பசளையாகும். கதியால் உயிர்வேலியாக நிற்கும்.

இழையப் பொறியியலில் சட்டகம்தான் கிடுகு, கலங்கள்தான் கதியால். காயத்தில் வைத்த கொலாஜன் சட்டகத்துக்குள் சுற்றியிருக்கும் கலங்கள் ஊர்ந்து வருகின்றன. பிடித்து நிற்க இழை கிடைத்தால்தான் பெரும்பாலான கலங்கள் பெருகும், வேலை செய்யும். அவை நொதியங்களைச் சுரந்து பழைய கொலாஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் கரைக்கும், அதே கையோடு தங்களுடைய புதுக் கொலாஜனை இழைக்கும். கடைசியில் வைத்த பொருள் இருக்காது, உடம்பே கட்டிய இழையம் இருக்கும். கிடுகு கதியால் வேர்விடுவதற்கு முன்னே உக்கிப் போனால் வேலி சரியும். உக்காமலே நின்றால் தளிருக்கு இடம் இல்லை. சட்டகம் செய்பவர்களின் பெரும்பாடு இந்தக் காலக்கணக்கில்தான்.

அச்சு மெசின் வருவதற்கு முன்பே இது நடைமுறைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் ஐயோனிஸ் யானாஸ் என்ற பொறியியலாளரும் ஜோன் பேர்க் என்ற தீக்காய சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு செயற்கைத் தோலைச் செய்தார்கள். மாட்டுத் தசைநாணின் கொலாஜனோடு சுறாவின் கசியிழையத்தில் (குருத்தெலும்பில்) இருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருளைக் கலந்து, உறையவைத்து உலர்த்திய பஞ்சு அது. மேலே மெல்லிய சிலிக்கோன் தாள். பஞ்சுக்குள் கலங்களும் குருதிக்குழாய்களும் வளர இரண்டு மூன்று கிழமை எடுக்கும். அதற்குப் பிறகு சிலிக்கோனை உரித்துவிட்டு, மிக மெல்லிய மேற்தோலை மட்டும் ஒட்டினால் போதும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 1996இல் இதற்கு அனுமதி கொடுத்தது. அந்தப் பிள்ளையின் தொடையில் எடுத்ததைவிட மெல்லிசாக எடுத்தாலே காணும் என்ற நிலையை உண்டாக்கியது இதுதான். அக்காவின் கேள்விக்கு முதல் பாதிப் பதிலும் இதுதான்.

பஞ்சு இருக்கும்போது அச்சிடுவது எதற்கு? பஞ்சில் துளைகள் எங்கே எப்படி வரும் என்பதை உறையும் பனிக்கட்டிதான் தீர்மானிக்கிறது. தட்டையான தோலுக்கு அது பரவாயில்லை. ஒரு காது வேண்டும், இதய வால்வு வேண்டும், நடுவில் குழாய் ஓடும் தடித்த சதைத் துண்டு வேண்டும் என்றால் பஞ்சு காணாது. உடம்புக்குள் கலங்கள் குருதிமயிர்க்குழாயில் இருந்து 100, மிஞ்சினால் 200 மைக்குரோமீற்றருக்குள்தான் வாழ்கின்றன. இரண்டு மூன்று தலைமயிரின் தடிப்பு. அதைவிடத் தள்ளியிருக்கும் கலத்துக்கு ஒட்சிசன் போய்ச் சேராது. தோட்டத்தில் வாய்க்கால் வெட்டாமல் நடுப்பாத்திக்குத் தண்ணீர் போகாது அல்லவா? வாய்க்கால் எங்கே ஓட வேண்டும் என்று நாமே வரைய வேண்டும் என்றால் அச்சிடத்தான் வேண்டும்.

மெசினைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அடிப்படையில் அது இடியப்ப உரல். மாவைக் குழைத்து உரலுக்குள் வைத்து அமத்துகிறோம், துளையால் நூலாக வருகிறது, கையைச் சுற்றிச் சுற்றித் தட்டில் பிழிகிறோம். பிரின்டரில் உரலுக்குப் பதில் சிரிஞ்ச், பல துளைக்குப் பதில் ஒரே ஊசி, கைக்குப் பதில் கணினி சொன்னபடி மூன்று திசையிலும் நகரும் கை. ஒரு படை பிழிந்து முடிய, கொஞ்சம் உயர்ந்து அடுத்த படை. நோயாளியின் எம்ஆர்ஐ படத்தைக் கொடுத்தால் மென்பொருள் அதைப் படை படையாக வெட்டி, எந்தப் படையில் நூல் எப்படி ஓட வேண்டும் என்று வழி போட்டுக் கொடுக்கும்.

ஆனால் இடியப்பம் அவித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: எல்லாம் குழையலில்தான் இருக்கிறது. எங்கள் அம்மா கொதிதண்ணியை மாவில் விடும்போது கண்ணை எடுக்க மாட்டார். ஒரு மடக்குக் கூடினால் நூல் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும், குறைந்தால் உரலை அமத்தக் கை நொந்துவிடும், வரும் நூலும் அறுந்து அறுந்து விழும். கொலாஜனில் இதே சிக்கல் நூறு மடங்கு. ஆய்வுகூடங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் கரைசலில் 1 மில்லிலீற்றருக்கு 3 முதல் 10 மில்லிகிராம் கொலாஜன்தான் இருக்கும், மிச்சம் முழுக்கத் தண்ணீர். அதை ஒரு தட்டில் நூலாகப் பிழிந்தால் சொதி ஊற்றினது போலப் பரவும். தானே பின்னி உறைய அரை மணித்தியாலம் வேண்டும், இரண்டாவது படையோ அரை நிமிடத்தில் மேலே வந்து விழப்போகிறது. கொலாஜனுக்கு மெதுவாகப் பின்ன நேரம் வேண்டும், மெசினுக்கு உடனே நிற்கும் நூல் வேண்டும்.

இதற்குப் பலர் பல வழி பார்த்தார்கள். கரைசலைத் தடிப்பாக்கினார்கள். கடற்பாசியில் இருந்து எடுக்கும் அல்ஜினேற்றைக் கலந்தார்கள். ஒளிபட்டால் உடனே இறுகும்படி கொலாஜனில் வேறு வேதிக் கூட்டங்களைத் தைத்தார்கள். எல்லாம் ஓரளவுக்கு வேலை செய்யும், ஆனால் எதைக் கூட்டினாலும் கலங்களுக்குப் பிடித்த அந்தத் தூய பின்னல் கொஞ்சம் கெடும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அடம் பைன்பேர்க்கின் குழு கண்டுபிடித்தது. 2015இல் முறையை வெளியிட்டார்கள், 2019இல் அதைத் திருத்திக் கொலாஜனாலேயே இதயத்தின் பாகங்களை அச்சிட்டுக் காட்டினார்கள். அவர்கள் காற்றில் பிழியவில்லை. ஒரு பாத்திரம் நிறைய ஜெலட்டின் குறுணல்களை நிரப்பி, அந்தக் குறுணலுக்குள் ஊசியை இறக்கிப் பிழிந்தார்கள். ஒவ்வொரு குறுணலும் ஏறக்குறைய 25 மைக்குரோமீற்றர். இந்தக் குறுணல் கூழுக்கு ஒரு குணம் உண்டு: சும்மா விட்டால் திண்மம் போல அசையாமல் நிற்கும், ஊசி தள்ளினால் அந்த இடத்தில் மட்டும் நீர்மம் போல வழிவிடும், ஊசி போனதும் பின்னால் மூடிக்கொள்ளும். பற்பசையும் இதே குணம்தான், அமத்தினால் ஓடும், தூரிகையில் அப்படியே நிற்கும். ஆக, பிழிந்த நூல் விழவும் இல்லை, பரவவும் இல்லை. அந்தரத்தில் நிற்கிறது.

அதோடு முடியவில்லை. சிரிஞ்சில் இருப்பது அமிலத்தில் கரைந்த கொலாஜன், குறுணல் கூழில் இருப்பது நடுநிலைக் கரைசல். நூல் வெளியே வந்த கணத்தில் அமிலம் நடுநிலையாகி, கொலாஜன் அந்த இடத்திலேயே பின்னத் தொடங்குகிறது. எல்லாப் படையும் முடிந்த பிறகு பாத்திரத்தை 37 பாகைக்குச் சூடாக்குகிறார்கள். மேலே நான் மனதில் வைக்கச் சொன்னது இப்போது வேலைக்கு வருகிறது. அந்தச் சூட்டில் ஜெலட்டின் இளகி ஓடுகிறது. அதே சூட்டில் கொலாஜன் இன்னும் இறுகுகிறது. ஒரே குடும்பத்துப் பொருள்கள் இரண்டு, ஒன்று அவிழ்ந்தது, ஒன்று அவிழாதது. அவிழ்ந்தது தாங்கிப் பிடித்துவிட்டு வழிந்து போக, அவிழாதது மிஞ்சி நிற்கிறது. முதல்முறை இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழும்பி நடந்தேன். ஆட்டுக்கால் சூப்பில் எத்தனையோ தரம் கண்ணால் பார்த்த விசயம் இப்படி ஒரு வேலைக்கு வரும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அந்த 2019 வேலையில் 20 மைக்குரோமீற்றர் வரை மெல்லிய நூல் வந்தது, அதாவது தலைமயிரிலும் மெல்லிசு. மூன்று இதழ் கொண்ட வால்வு ஒன்றை அச்சிட்டார்கள், அது திறந்து மூடியது. ஒரு சிரிஞ்சில் கொலாஜன், இன்னொன்றில் மனித மூலக்கலங்களில் இருந்து வளர்த்த இதயத்தசைக் கலங்கள் என்று இரண்டையும் வைத்து இதயவறையின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்தார்கள், சில நாளில் அது துடித்தது. பச்சிளங் குழந்தையின் இதய அளவில் ஒரு முழு வடிவத்தையும் அச்சிட்டார்கள். அந்த முழு வடிவம் உயிருள்ள இதயம் இல்லை, கொலாஜனில் வார்த்த வடிவம் மட்டுமே. பத்திரிகைத் தலைப்புகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடும், கவனம்.

அச்சிட்டு எடுத்த கொலாஜன் மென்மையானது. கலங்கள் உள்ளே போய்ப் பிடித்து இழுத்தாலே சுருங்கிவிடும். அதனால் இழைகளுக்கு இடையே குறுக்குக் கட்டுப் போட வேண்டும். தோல் பதனிடுபவர்கள் ஆவாரம்பட்டையில் ஊறவைத்து விலங்குத் தோலைச் சப்பாத்துத் தோலாக்குவதும் கொலாஜனுக்குக் குறுக்குக் கட்டுப் போடுவதுதான். உடம்புக்குள் வைப்பதற்கு அவ்வளவு இறுக்கம் ஆகாது, கட்டுப் போடும் இரசாயனமும் கலங்களுக்கு நஞ்சாகக் கூடாது. பி கொம்பிளெக்ஸ் குளிசை விழுங்கினால் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகும், தெரியுமல்லவா? அந்த மஞ்சள் ரைபோபிளேவின். அதைக் கொலாஜனில் ஊறவைத்து ஊதாக்கடந்த ஒளி காட்டினால் மெல்லிய குறுக்குக் கட்டு விழும். விழிவெண்படலம் மெலிந்து கூம்பாகத் தள்ளும் நோய்க்குக் கண் வைத்தியர்கள் இதே முறையைக் கையாளுகிறார்கள். இன்னொரு தொல்லை, கிருமி நீக்கம். மற்ற உபகரணங்களைப் போலக் கொதிநீராவியில் போட முடியாது. போட்டால் சூப்புத்தான் மிஞ்சும்.

கொலாஜன் எங்கே இருந்து வருகிறது என்பது எங்கள் ஊரில் கட்டாயம் கேட்கப்படும் கேள்வி. பெரும்பாலும் மாட்டுத் தோல், பன்றித் தோல், எலி வால். சைவக் குடும்பத்துக்கு முதலாவதும் இஸ்லாமியக் குடும்பத்துக்கு இரண்டாவதும் மனதுக்கு ஒவ்வாது, அதை லேசாகத் தட்டிக்கழிக்கக் கூடாது. மீன் தோலில் இருந்தும் எடுக்கலாம். ஆனால் ஒரு விலங்கின் கொலாஜன் அந்த விலங்கு வாழும் சூட்டுக்கு ஏற்றபடிதான் முறுக்கப்பட்டிருக்கும். குளிர்கடல் கொட் மீனின் கொலாஜன் கரைசலில் 15 பாகையை ஒட்டியே அவிழ்ந்துவிடும். வெப்பக்கடல் மீனுடையது அதைவிட நன்றாகத் தாங்கும். பாசையூரிலும் குருநகரிலும் வெட்டி எறியும் தோலையும் செதிலையும் பார்க்கும்போது எனக்கு இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை. இன்னொரு வழியும் உண்டு. இஸ்ரேலில் கொல்பிளான்ட் என்ற நிறுவனம் மனித மரபணுக்கள் ஐந்தைப் புகையிலைச் செடிக்குள் வைத்து, இலையில் மனிதக் கொலாஜனை விளைவிக்கிறது. புகையிலையால் வாழ்ந்த மண்ணில் இருந்துகொண்டு இதைப் படிக்க ஒரு மாதிரியாக இருக்கிறது, நல்ல மாதிரியாக.

மனிதரில் எங்கே வந்து நிற்கிறது? 2022இல் அமெரிக்காவில் பிறவியிலேயே ஒரு காது சரியாக உருவாகாத ஓர் இளம்பெண்ணுக்கு, அவருடைய சொந்தக் கசியிழையக் கலங்களைக் கொலாஜன் மையில் கலந்து அச்சிட்ட காதைப் பொருத்தினார்கள். அது ஒரு பரிசோதனை, ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டு வாங்கும் சிகிச்சை இல்லை. அச்சிட்ட தோலில் வியர்வைச் சுரப்பி, மயிர்வேர், நரம்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவருவது இன்னும் கைகூடவில்லை. வெயிலில் வேர்க்காத தோல் யாழ்ப்பாணத்துச் சித்திரையில் எவ்வளவு உபத்திரவம் என்று தீக்காயம் ஆறினவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அக்காவுக்கும் இதை இப்படியேதான் சொன்னேன். மெல்லிய மேற்தோல் மட்டும் எடுத்தால் போதும் என்ற பஞ்சு இருக்கிறது, விலை கூட. அச்சிட்ட முழுத்தோல் வரும் வழியில் இருக்கிறது, இன்னும் வாசலுக்கு வரவில்லை. அவர் கேட்டது: "அப்ப உது வரைக்கும் தொடையில தானோ?" ஓம் என்றேன்.

உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், குறுணலுக்குள் பிழியும் வித்தையைக் குசினியிலேயே செய்து பார்க்கலாம். ஜெலட்டின் தூளைக் கரைத்து பிரிஜ்ஜில் இறுக்கி, ஐஸ்தண்ணீர் விட்டு முள்ளுக்கரண்டியால் நன்றாக மசித்து, தண்ணீரை வடித்துவிடுங்கள். எங்கள் வெக்கையில் வெளியே வைத்தால் இளகிவிடும், பாத்திரத்தை ஐஸுக்குள் வைத்தபடியே வேலை செய்யுங்கள். கடற்பாசித் தூளை (அகார் அகார்) கொதிக்க வைத்துக் கொஞ்சம் சிவப்பு நிறம் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, குறுணலுக்குள் மெதுவாக ஒரு சுருள் வரையுங்கள். எனக்கு முதல்தரம் சிரிஞ்சுக்குள்ளேயே உறைந்து அடைத்துவிட்டது, இரண்டாம் தரம் சிரிஞ்சைச் சுடுதண்ணியில் வைத்து எடுத்த பிறகுதான் சரிவந்தது. கடற்பாசி ஆறி இறுகுவது, கொலாஜன் சூட்டில் இறுகுவது, அந்த வேறுபாடு இருக்கிறது. ஆனால் கடற்பாசி இறுகிவிட்டால் 80 பாகை தாண்டும் வரை இளகாது. பத்து நிமிடம் பொறுத்து, பாத்திரத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வையுங்கள். குறுணல் கண்ணுக்கு முன்னால் தெளிந்து தண்ணீராகும். அதை மெல்ல ஊற்றிவிட்டால், அந்தரத்தில் வரைந்த சிவப்புச் சுருள் அடியில் முழுசாகக் கிடக்கும்.